ஒரே நஞ்சுக்கொடியில் ரெட்டைப் பிள்ளையா? 12-வது வாரத்திலிருந்து செய்ய வேண்டியவை

ஸ்கேன் அறையிலிருந்து ‘ரெட்டை’ என்று சேதி வெளியே வந்ததும் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் பக்கத்து வம்சத்தில் ரெட்டை இருந்தது என்று ஒரு பட்டிமன்றம், ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டாயா என்று மாமியாரின் விசாரணை, அப்புறம் ரெண்டு தொட்டில், ரெண்டு பேர். இவ்வளவுக்கும் நடுவில் பெரும்பாலும் யாரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

ஒற்றைக் கர்ப்பத்துக்கு நம் ஊரில் ஒரு வழக்கமான கணக்கு இருக்கிறது. 12-வது வாரம் வாக்கில் என்டி ஸ்கேன், 20-வது வாரத்தை ஒட்டி அனாமலி ஸ்கேன். நடுவில் உள்ள எட்டு வாரமும் இரும்புச்சத்து மாத்திரை, பிபி, எடை என்று ஓடிவிடும். இரண்டு பிள்ளைகளும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தால் இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு வரக்கூடிய ரத்த ஓட்டச் சிக்கல்களில் பெரியது 16-லிருந்து 26 வாரத்துக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும், வந்தால் சில நாட்களிலேயே நிலைமை மாறிவிடவும் கூடும், அதனால் அந்த எட்டு வாரத்தைச் சும்மா விடக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவதன் சாரம். 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரே உருவ ரெட்டையர் ஒரே கரு பிளந்து உண்டாகிறவர்கள். முதல் மூன்று நாளுக்குள் பிளந்துவிட்டால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி கிடைத்துவிடும், பிரச்சினை குறைவு. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிளந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே. ஒரே உருவ ரெட்டையரில் சுமார் 70 சதவீதம் பேர் நஞ்சுக்கொடியைப் பகிர்கிறவர்கள். இரண்டு பனிக்குட வகைக்கு ரிப்போர்ட்டில் எம்சிடிஏ என்று போடுவார்கள், ஒரே பனிக்குடம் என்றால் எம்சிஎம்ஏ, தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் டிசிடிஏ.

பகிர்ந்த நஞ்சுக்கொடியில் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் அநேகமாக எப்போதுமே எங்கோ சேர்ந்திருக்கும். மேற்பரப்பில் தமனியோடு தமனி சேர்ந்தால் ரத்தம் இருபுறமும் போய்வரும், அது ஒருவகையில் பாதுகாப்பு. ஆழத்தில் ஒருவரின் தமனி இறங்கி இன்னொருவரின் சிரை வழியாக வெளியேறினால் அது ஒருவழிப் பாதை. இரண்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வை அதில் மாட்டினால் என்ன ஆகும்? ஒரு தொட்டி வற்றும், மற்றது வழியும். பெரும்பாலான கர்ப்பங்களில் எதிரெதிர்க் குழாய்கள் இருந்து கணக்கு நேராகிவிடுகிறது. எம்சிடிஏ ரெட்டையரில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு நேராவதில்லை. அதற்குப் பெயர்தான் ட்வின் டு ட்வின் டிரான்ஸ்ஃபியூஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக டிடிடிஎஸ்.

ரத்தத்தைக் கொடுக்கும் குழந்தைக்கு ரத்தம் குறைவதால் சிறுநீர் குறையும். கருவின் சிறுநீர்தான் பனிக்குட நீராகச் சேர்கிறது என்பதால் அதன் பையில் நீர் வற்றும். வாங்கும் குழந்தை அளவுக்கு மீறி சிறுநீர் கழிக்கும், பை ஊதும், இதயம் திணறும். முற்றிய நிலையில் ஸ்கேன் திரையில் பார்த்தால் ஒரு குழந்தை ஏராளமான நீரில் மிதந்துகொண்டிருக்கும். இன்னொன்று கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டி, அம்மா எப்படித் திரும்பிப் படுத்தாலும் இடம் மாறாமல் அங்கேயே இருக்கும். அதைச் சுற்றியுள்ள சவ்வு உடம்போடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. அவசரமாகப் பார்க்கிறவர் நடுச்சவ்வே இல்லை, ஒரே பனிக்குடம்தான் என்று தப்பாக எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு.

அம்மா சாப்பிட்டது, வேலை செய்தது, பைக்கில் போனது, எதுவும் இதற்குக் காரணம் இல்லை. இரு பக்கத்து வம்சமும் காரணம் இல்லை. இந்த வரியைத் தேவைப்படுகிறவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டலாம்.

முதல் வேலை: 14 வாரத்துக்குள் ஒன்றா இரண்டா என்று எழுதி வாங்குங்கள்

11-லிருந்து 14 வாரத்துக்குள் இது தெளிவாகத் தெரியும். குழந்தைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு நஞ்சுக்கொடியில் சேரும் இடத்தில் முக்கோணமாகத் தடித்திருந்தால் லாம்டா அடையாளம், தனித்தனி நஞ்சுக்கொடி. மெல்லிசாக நேர்க்கோட்டில் போய் முட்டினால் டி அடையாளம், பகிர்ந்த நஞ்சுக்கொடி. வாரம் ஏற ஏற இது மங்கிக்கொண்டே போகும், 20-க்கு மேல் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

தெரிந்தவர்கள் சிலர் என்னிடம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிப் பொருள் கேட்பார்கள். இரண்டு பக்கம் இருக்கும், தலைச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும், நஞ்சுக்கொடி பற்றிய வரியில் ‘பின்பக்கச் சுவரில்’ என்பதோடு முடிந்திருக்கும். ஒன்றா இரண்டா என்பதே இருக்காது. அப்படி வந்தால் அன்றைக்கே திரும்பிப் போய் “டாக்டர், கோரியானிசிட்டி என்னன்னு போட்டுக் குடுங்க, லாம்டாவா டி-யா, அந்தப் படமும் ஒண்ணு பிரிண்ட் வேணும்” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் கரு மருத்துவ நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள், அதுவரை ஒன்றாகவே வைத்துக் கவனிப்பதுதான் பாதுகாப்பு.

வெளிநாட்டுப் பக்கங்களில் ‘ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் நஞ்சுக்கொடி தனித்தனி, கவலை இல்லை’ என்று படித்திருப்பீர்கள். இந்தியாவில் அந்த வழி நமக்கு இல்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை யாரும் சொல்லவும் கூடாது, நாம் கேட்கவும் கூடாது. சவ்வைத்தான் நம்ப வேண்டும்.

ஐவிஎஃப்-இல் கருவுற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘இரண்டு கரு வைத்தார்கள், இரண்டு வந்திருக்கிறது, அதனால் தனித்தனிதான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒன்று நிற்காமல் போய் மற்றது பிளந்திருக்கலாம். இரண்டு வைத்து மூன்று வருவதும் இப்படித்தான்.

அப்புறம், நாள்காட்டியும் ஒரு நோட்டும்

பகிர்ந்த நஞ்சுக்கொடி என்று உறுதியானதும் 16, 18, 20, 22 என்று பிரசவம் வரைக்கும் தேதிகளை அன்றைக்கே குறித்துவிடுங்கள். சீமந்தம், ஊருக்குப் போவது எல்லாம் இதைச் சுற்றித்தான். முக்கியமாக, தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது ஸ்கேன் பார்க்கும் இடமும் மாறுகிறதே, அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், குழந்தைக்கு ஒன்று. முதல் ஸ்கேனில் எது ‘ஏ’, எது ‘பி’, இடப்பக்கமா வலப்பக்கமா, மேலா கீழா என்று எழுதி, ஒவ்வொரு முறையும் அதே பெயரில் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மாறிப்போனால் வளர்ச்சிக் கணக்கே தலைகீழாகிவிடும். எழுத வேண்டியது நீர், சிறுநீர்ப்பை, எடை, டாப்ளர் (ஸ்கேனிலேயே ரத்த ஓட்டத்தை அளப்பது).

நீரை ஒவ்வொரு பையிலும் மிக ஆழமான இடத்தில் நெட்டுக்குத்தாக அளப்பார்கள், சென்டிமீட்டர் கணக்கு. ஒற்றைக் கர்ப்பத்துக்குப் போடும் மொத்தக் கூட்டல் எண் இங்கே பயன்படாது. இரண்டு பைக்கும் தனித்தனி எண் வேண்டும். ஒரு பையில் 2 அல்லது அதற்குக் கீழே, மற்றதில் 8 அல்லது அதற்கு மேலே என்றால் அது டிடிடிஎஸ். 20 வாரத்துக்குப் பிறகு மேல் எல்லையை 10 என்று வைக்கும் மையங்களும் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது டிடிடிஎஸ் ஆகாது, ஆனால் அடுத்த ஸ்கேனை ஒரு வாரத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சிறுநீர்ப்பை சின்னக் கறுப்பு வட்டமாகத் தெரியும். இரண்டு குழந்தைக்கும் தெரிகிறதா என்று நீங்களே கேளுங்கள்.

எடை வித்தியாசம் சுலபம். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து, பெரியதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஒன்று 1000 கிராம், மற்றது 750 என்றால் 25 சதவீதம். அந்த அளவுக்குப் போனால் நிபுணர் பார்க்கணும். அது டிடிடிஎஸ் இல்லாமல், நஞ்சுக்கொடியின் பங்கு ஒருவருக்குக் குறைவாக விழுந்ததாலும் இருக்கலாம். அதற்குத் தனி வகைப்பாடும் தனிக் கண்காணிப்பும் உண்டு.

டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தோடு, 20 வாரத்திலிருந்து இரண்டு குழந்தையின் மூளைத் தமனி வேகமும் வேண்டும். எம்சிஏ பிஎஸ்வி என்று கேளுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத சில நேரங்களும் உண்டு. ரெண்டு மூணு நாளில் வயிறு சட்டென்று பெருத்து இறுகினால், படுத்தால் மூச்சு வாங்கினால், எடை திடீரென்று ஏறினால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், அசைவு குறைந்தால் அன்றைக்கே போங்கள். ‘ரெட்டைன்னா வயிறு பெருசாத்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மெதுவாகப் பெருப்பது வேறு, ஒரு வாரத்தில் நைட்டி பத்தாமல் போவது வேறு. முகம், கை கால் வீங்கி பிபியும் ஏறினால் கருவின் நீர்க்கோவையை அம்மாவின் உடம்பும் அப்படியே காட்டும் மிரர் சிண்ட்ரோமாக இருக்கலாம், அரிதானது, ஆனால் அவசரம்.

டிடிடிஎஸ் என்று சொல்லிவிட்டால்

முதலில் எந்த நிலை என்று கேளுங்கள். 1999-இல் குவின்டெரோ என்ற மருத்துவர் வகுத்த ஐந்து நிலைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலையில் நீர் மட்டும் ஏறுக்குமாறு. இரண்டாவதில் கொடுக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரியாது. மூன்றாவதில் டாப்ளர் கெடும், நான்காவதில் ஒரு குழந்தைக்கு உடம்பில் நீர் கோக்கும், ஐந்தாவது இழப்பு. படிப்படியாகத்தான் போகும் என்று எண்ண வேண்டாம், ஒன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவியதும் உண்டு. முதல் நிலையில் பல இடங்களில் நெருக்கமாகக் கவனிப்பதோடு நிறுத்துவார்கள். இரண்டிலிருந்து, 16-26 வாரத்துக்குள் என்றால், பேச்சு லேசருக்குப் போகும், அதாவது இருவரின் ரத்தக் குழாய்கள் சேரும் இடங்களைச் சுட்டு அடைப்பதற்கு. முற்றிய டிடிடிஎஸ்-ஐ வைத்தியம் பார்க்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளையும் இழக்க நேரிடும் என்பதால் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ள இங்கே இடமில்லை.

அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா இந்த லேசர் முறையை 1990-இல் வெளியிட்டார். அதற்கு முன் பெருத்த பையிலிருந்து ஊசியால் நீரை எடுப்பதுதான் வழி. 2004-இல் வெளியான ஐரோப்பிய ஒப்பீட்டில் ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டிப் பிழைத்தது லேசரில் 76 சதவீதம், நீர் எடுத்ததில் 56 சதவீதம். இன்று கைதேர்ந்த மையங்களில் ஒன்றாவது பிழைப்பது 80-90, இரண்டுமே பிழைப்பது 60-70 சதவீதம் வரை.

அம்மா பெரும்பாலும் விழித்தே இருப்பார். வயிற்றில் சில மில்லிமீட்டர் கீறல், அதன் வழியே 3 மில்லிமீட்டர் வாக்கில் ஒரு குழல், வாங்கும் குழந்தையின் பைக்குள் கேமரா. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் குழாய்கள் வேர் மாதிரி ஓடும். கருவில் தமனி கறுத்தும் சிரை சிவந்தும் இருக்கும், நம் உடம்புக்கு நேர்மாறு. அதை வைத்து எது யாருடையது, எங்கே சேர்கிறது என்று தொடர்ந்து போய்ச் சேரும் புள்ளியை லேசரால் சுடுவார்கள், அந்த இடம் வெளுத்துப்போகும். எல்லாப் புள்ளியையும் சுட்ட பிறகு ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை கோடு இழுத்த மாதிரி சுட்டு முடிப்பது சாலமன் முறை. 2014-இல் வெளியான ஆய்வில் இந்த முறையால் பின்விளைவான டாப்ஸ் (ஒரு குழந்தைக்கு ரத்தசோகை, மற்றதற்கு ரத்தம் கெட்டிப்படுவது, கீழே வருகிறது) 16-லிருந்து 3 சதவீதமாகவும், திரும்ப வரும் டிடிடிஎஸ் 7-லிருந்து 1 சதவீதமாகவும் குறைந்தன. அதனால் “சாலமன் செய்வீங்களா?” என்று கேட்பது நியாயமான கேள்வி. “வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க?” என்பது அதைவிட நியாயமான கேள்வி.

நன்றாகப் போனால் சில நாளில் ஸ்கேனில் அந்தக் காணாமல்போன சிறுநீர்ப்பை மறுபடி தெரியும். கெட்ட பக்கமும் உண்டு: பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைப்பிரசவம், ஒரு குழந்தையின் இழப்பு. முதல் இரண்டு வாரம் வாராவாரம் ஸ்கேன், அப்புறம் பழையபடி.

இது எல்லா மகப்பேறு மருத்துவமனையிலும் செய்கிற வேலை இல்லை. சென்னை மாதிரிப் பெருநகரங்களில் உள்ள சில கரு மருத்துவ மையங்களில்தான் உண்டு. நீங்கள் தென்காசியிலோ தருமபுரியிலோ இருந்தால் 16-வது வாரத்துக்கு முன்பே “தேவைப்பட்டா எங்கே அனுப்புவீங்க, செலவு என்ன ஆகும், காப்பீட்டில் வருமா?” என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் சரியாக இருந்தும் வரும் டாப்ஸ்

மெல்லிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்கள் வழியாக ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போனால் நீர் அளவு மாறாது, ஒரு குழந்தைக்கு ரத்தசோகையும் மற்றதற்கு ரத்தம் கெட்டிப்படுவதும் மட்டும் நடக்கும். தானாக வருவது 3 முதல் 5 சதவீதம், பெரும்பாலும் 26 வாரத்துக்குப் பிறகு. லேசருக்குப் பிறகும் வரலாம். ரத்தம் நீர்த்தால் மூளைத் தமனியில் வேகம் கூடும், கெட்டிப்பட்டால் குறையும், ஆகவே எம்சிஏ பார்க்காமல் இதைப் பிடிக்கவே முடியாது. அந்த வேகம், அந்த வாரத்துக்குரிய நடு அளவைப் போல ஒன்றுக்கு 1.5 மடங்குக்கு மேலும் மற்றதற்கு 1 மடங்குக்குக் கீழும் இருந்தால் டாப்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்து 0.5-க்கு மேல் போனாலே டாப்ஸ் என்று கொள்ளும் மையங்களும் உண்டு. கவனித்துக் காத்திருப்பது, கருவுக்கே ரத்தம் ஏற்றுவது, லேசர், முன்கூட்டிய பிரசவம் என்று வழிகள் உண்டு. எது நல்லது என்று மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிறந்ததும் பார்த்தால் ஒன்று வெளிறியும் மற்றது கருஞ்சிவப்பாகவும் இருக்கும். நஞ்சுக்கொடியைத் திருப்பிப் போட்டால் அதுவும் பாதி வெளுப்பு, பாதி அடர் சிவப்பு.

இதயமில்லாத ரெட்டை

ரிப்போர்ட்டில் டிராப் என்று போடும் இந்த நிலை மிக அரிது. ஒரு கருவுக்கு இதயம் உருவாகியிருக்காது, பெரும்பாலும் தலையும் இருக்காது. மற்ற குழந்தையின் இதயம்தான் தமனி-தமனி இணைப்பு வழியாக அதற்கும் ரத்தம் தள்ளும். அந்தக் கரு பிழைக்க வழியே இல்லை, ஆனால் வளரும், வளர வளர தள்ளுகிற இதயம் களைக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆரம்ப ஸ்கேனில் ‘ஒன்றுக்குத் துடிப்பு இல்லை, தானாகக் கரைந்துவிடும்’ என்று சொல்லியிருப்பார்கள். பகிர்ந்த நஞ்சுக்கொடி என்றால் அதோடு விட்டுவிடாமல், அந்தக் கருவுக்குள் ரத்தம் போகிறதா என்று அடுத்த முறை டாப்ளர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போனால், அந்த ஓட்டத்தை ரேடியோ அலை ஊசியாலோ லேசராலோ நிறுத்தலாம். எந்த வாரத்தில் என்பதை நிபுணர் தீர்மானிப்பார்.

மூன்று குழந்தைகள் என்றால்

மூன்றும் ஒரே நஞ்சுக்கொடியில் இருக்கலாம், அல்லது இரண்டு பகிர்ந்து மூன்றாவது தனியாக இருக்கலாம். இரண்டாவது வகையில் டிடிடிஎஸ் அந்த ஜோடிக்குத்தான் வரும், தனிக் குழந்தையின் ரத்தத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் வசிப்பது ஒரே கர்ப்பப்பையில், பனிக்குடம் உடைந்தாலோ வலி முன்கூட்டி வந்தாலோ மூன்று பேருக்கும்தான். யாரோடு யார் பகிர்கிறார்கள் என்று படம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று பத்தி நோட்டு, அதே இரண்டு வாரக் கணக்கு.

ஒன்றை இழக்க நேர்ந்தால்

எழுதக் கஷ்டமான பகுதி, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். பகிர்ந்த நஞ்சுக்கொடியில் ஒரு குழந்தை இறந்தால், மற்றதன் ரத்தம் அந்தப் பக்கம் சட்டென்று வழிந்துவிடக்கூடும். மற்றதும் இறக்கும் அபாயம் சுமார் 15 சதவீதம், மூளை பாதிப்பு சுமார் 26 சதவீதம். நடப்பது அந்த நேரத்திலேயே நடந்துவிடுவதால், உடனே ஆபரேஷன் செய்து எடுங்கள் என்று டாக்டரை நெருக்குவதால் பெரும்பாலும் பயனில்லை. குறைமாதக் கேடும் சேர்ந்துகொள்ளும். மூளைத் தமனி டாப்ளர், 4-6 வாரம் கழித்து கருவின் மூளைக்கு எம்ஆர்ஐ, இவற்றைக் கேளுங்கள். ஒரு குழந்தைக்குக் கடும் குறைபாடு இருந்து அதன் ஓட்டத்தை நிறுத்தும் பேச்சு வந்தாலும், தனி நஞ்சுக்கொடி ரெட்டையருக்குச் செய்வது போல ஊசி மருந்து போடுவது இங்கே கூடாது, மருந்து மற்ற குழந்தைக்கும் போய்விடும். தொப்புள்கொடியை அடைக்கும் முறைகள்தான்.

பிரசவமும் அதன் பிறகும்

சிக்கல் இல்லாத எம்சிடிஏ என்றால் 36-வது வாரத்தில், லேசர் செய்தவர்களுக்கு 34-வது வாரம் வாக்கில், ஒரே பனிக்குடம் என்றால் கொடி சிக்கிக்கொள்ளும் அபாயத்தால் 32-34 வாரத்தில் சிசேரியன், என்பது பொதுவான வழக்கம். இரண்டு இன்குபேட்டர் ஒரே நேரத்தில் காலியாக இருக்கும் என்ஐசியு (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள இடமாகப் பாருங்கள். குழந்தைகளை ஆளுக்கொரு மருத்துவமனையாகப் பிரிப்பது, சிசேரியன் ஆன அம்மா மூன்றாவது இடத்தில் இருப்பது எல்லாம் நடக்கிற கதைதான்.

பிறந்த அன்றே இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட்டும் (புதிதாக உருவான சிவப்பணுக்கள்) எடுக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினில் 8 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்து, ஒருவரின் ரெட்டிகுலோசைட் மற்றவருடையதைப் போல 1.7 மடங்குக்கு மேல் போனால் டாப்ஸ் என்று வைத்துக்கொள்வார்கள். நஞ்சுக்கொடியைத் தூக்கிப்போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், அந்த நேரப் பரபரப்பில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தலை ஸ்கேன், இதய எக்கோ, காது பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2000 கிராமுக்குக் கீழே இருந்தாலோ கண் விழித்திரைப் பரிசோதனையை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், 28 வாரத்துக்கும் முன் பிறந்தவர்களுக்கு 2-3 வாரத்துக்குள். டிஸ்சார்ஜ் தாளில் அந்தத் தேதி இல்லை என்றால் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.